வராத நாளையும் எழுதிய மயிலாத்தாள்

கல்லூரியின் சேர்க்கை மேசையில் இருந்த இளைஞர் விண்ணப்பப் படிவத்தை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, "பொண்ணுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டார்.

"பொண்ணுக்கில்லீங்க, எனக்கு" என்றார் மயிலாத்தாள். "நாப்பத்தி மூணு. அத்தனை வயசுன்னா சேத்துக்க மாட்டீங்களா?"

இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். "வயசு வரம்பு எதுவும் இல்லைங்களாம் மேடம். பிளஸ் டூ சர்டிபிகேட் இருந்தாப் போதும்ங்களாம்" என்றார், தான் சொல்வதைத் தானே நம்பாதவர் போல.

சர்டிபிகேட் இருந்தது. 1998-இல் வாங்கியது, ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நாற்பத்திரண்டு. வாங்கிய அடுத்த வருஷம் கல்யாணம். அதன்பிறகு அதை யாரும் கேட்கவில்லை. பீரோவில் ரேஷன் அட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது.

அந்தக் கல்லூரிக்கு மயிலாத்தாள் முதலில் வந்தது நாத்தனார் மகள் லோகப்பிரியாவுக்குத் துணையாகத்தான். லோகப்பிரியா வளாகத்தைச் சுற்றிப் பார்த்தாள், கேன்டீனில் பப்ஸ் சாப்பிட்டாள், "இங்க எல்லாத்தையும் படிக்கச் சொல்றாங்க அத்தை, நமக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டு நர்சிங்கில் சேர்ந்துகொண்டாள். கல்லூரியின் வழவழப்பான கையேடு மட்டும் மயிலாத்தாளின் பையிலேயே தங்கிவிட்டது. அவர் அதை ஒரு வாரம் வாசித்தார். வரலாறு, வேதியியல், தத்துவம், புள்ளியியல், ஒரு மொழி, ஒரு கைவினைக் கலை என்று முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். எதில் பட்டம் வாங்குவது என்பதை இரண்டாம் ஆண்டு முடிவில் அவரவரே தீர்மானிக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. லோகப்பிரியாவை விரட்டிய அதே விஷயம் மயிலாத்தாளை இழுத்துக்கொண்டது.

அவர்களுடைய தோட்டம் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. ஐந்து ஏக்கர்: தென்னை, வாழை, கொஞ்சம் சின்ன வெங்காயம். இரண்டு மாடுகள். ஒரே மகன் அருள்குமார் ஓசூரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். கணவர் அப்புசாமி அதிகம் பேசாத மனிதர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"படிச்சுப்போட்டு என்ன பண்ணப் போற அம்மணி?"

"அதையும் ரெண்டு வருசம் கழிச்சுத்தான் முடிவு பண்ணோணுமாமுங்க."

அப்புசாமி சற்று யோசித்தார். "மாட்டுக்கு யாரு தீனி போடறது?"

"காலையில நானு, பொழுதோட நானு. மத்தியானம் மட்டும் நீங்க."

"செரி, போ" என்றார். அவ்வளவுதான். ஆனால் டீக்கடையில் நாலு பேர் கேட்டபோது, அவள் என்ன படிக்கிறாள் என்று அவருக்கு விளக்கத் தெரியவில்லை. "கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போகுது" என்று சொல்லிவைத்தார். ஊரும் நம்பியது.

கல்லூரியில் முதல் வாரம் முழுக்க ஒரே கூத்து. மயிலாத்தாள் வகுப்புக்குள் நுழைந்ததும் அறுபது பிள்ளைகளும் எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னார்கள். "உக்காருங்க கண்ணு, நானும் உங்க கிளாசுதான்" என்று அவர் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் பெயர் அஃப்ஷீன். வீடு டவுனுக்குள் கோட்டைமேட்டில். அவளுடைய அத்தா ரசாக் அங்கே தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

"உங்களை அக்கான்னு கூப்பிடட்டுங்களா, ஆன்ட்டின்னு கூப்பிடட்டுங்களா? எங்கம்மாவைவிட நீங்க ஒரு வயசுதான் சின்னவங்க."

"அக்கான்னே கூப்பிடு சாமி. ஆன்ட்டின்னா வயசானாப்பல இருக்குது."

அப்படி ஆரம்பித்த சிநேகம். அஃப்ஷீன் கொண்டுவரும் நெய்ச்சோறும் மயிலாத்தாள் கொண்டுவரும் தக்காளிச் சாதமும் பாதிப் பாதியாகப் பிரிந்தன. அஃப்ஷீனுக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. மயிலாத்தாளுக்கு அது எட்டிக்காயாக இருந்தது. வேதியியல் கூடத்தில் நிலைமை தலைகீழ். அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு சோதனைக் குழாயை நீட்டியபோது, மூடியைத் திறந்த மாத்திரத்தில் மயிலாத்தாள், "இது நனைஞ்ச யூரியா மூட்டை வாசமுங்க, அமோனியா" என்று சொல்லிவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விட்டார்.

தத்துவப் பாடம்தான் அவரைத் திணறடித்தது. முதல் கட்டுரையைப் பாடப் புத்தகத்திலிருந்து வரி பிசகாமல் எழுதிக் கொடுத்திருந்தார். "இது யாருடைய கருத்து? உங்கள் கருத்து எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது.

"இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேக்கல கண்ணு" என்று அஃப்ஷீனிடம் புலம்பினார். "திடீர்னு கேட்டா எங்க போயி எடுத்தாறது?"

எங்கேயோ தேடி எடுத்துவிட்டார் போலிருக்கிறது. அடுத்த கட்டுரை ஐந்து பக்கம் வந்தது.

யானை வந்து சேர்ந்தது இரண்டாம் பருவத்தில். புள்ளியியல் பாடத்துக்கு உள்தேர்வு நடந்த நாளில் மயிலாத்தாள் வரவில்லை. மறுநாள் ஆசிரியை தேஜஸ்ரீயிடம் ஒரு விடுப்புக் கடிதம் நீட்டினார். தேஜஸ்ரீ டவுனில் ஆர்.எஸ்.புரத்துப் பெண், வயது இருபத்தொன்பது, வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான். காய்ச்சல், தாத்தா சாவு, பஸ் பஞ்சர் என்று எல்லா வகைக் கடிதமும் பார்த்தவர். இது புதுசு.

"மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, நேற்றுக் காலை எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் யானை நின்றபடியால் தேர்வுக்கு வர இயலவில்லை. இப்படிக்கு, மயிலாத்தாள்."

தேஜஸ்ரீ அதை இரண்டு முறை வாசித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிமிர்ந்தபோது, மயிலாத்தாள் போனை எடுத்து நீட்டினார். படத்தில் தகரக் கூரை போட்ட நிழற்குடை. அதன் தூணில் ஒரு கொம்பன் சாவகாசமாக முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தூரத்தில் வனத்துறைக்காரர்கள் சாலையை மறித்து நின்றார்கள். வகுப்பு மொத்தமும் வந்து மொய்த்துக்கொண்டது.

"தப்பு எம்மேலதானுங்க மேடம்" என்றார் மயிலாத்தாள். "நேத்து அமாவாசை. அமாவாசைக்கு வருமுன்னு தெரிஞ்சும், மொத நாளே டவுனுக்கு வந்து தங்காம உட்டுப்போட்டேன்."

"அமாவாசைக்குத்தான் வருமா?"

"ஆமாங்க. எங்கூர்ல சின்னக் கொழந்தைக்கும் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பாத்துட்டே இருக்கறமுங்களே!"

"எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

மயிலாத்தாள் போனைப் பைக்குள் வைத்தார். "எண்ணலீங்க."

"அப்போ எண்ணுங்களேன்" என்றார் தேஜஸ்ரீ. அதில் கிண்டல் இல்லை. இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து கொடுக்க வேண்டும், இதையே எடுத்துக்கொள்ளலாம், இப்போதே தொடங்கினால் முழு வருஷமும் கிடைக்கும் என்றார். விட்ட தேர்வை வெள்ளிக்கிழமை எழுதலாம் என்றும் சொன்னார்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மயிலாத்தாளுக்குக் கோபம் ஆறவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கண்ணால் பார்க்கிற விஷயம். யானையை ஜூவில் மட்டும் பார்த்த பிள்ளை எண்ணிப் பாருங்கள் என்கிறது. எண்ணிக் காட்டிவிடுவது என்று பேரூர் தாண்டும்போது தீர்மானித்தார். அந்த ஆய்வை அவர் எடுத்துக்கொண்டது அறிவுத் தாகத்தால் இல்லை. தேஜஸ்ரீயின் வாயை அடைக்கத்தான்.

மார்ச் முதல் தேதி எண்ணிக்கை ஆரம்பமானது. அவர்கள் பக்கத்தில் காட்டை ஒட்டி முப்பத்தொரு தோட்டங்கள். எல்லாரையும் சேர்த்து 'யானை வந்துச்சா' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். காலையில் வரப்பைச் சுற்றி வந்து, தடம், சாணம், சாய்ந்த வாழை எது இருந்தாலும் எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும். முதல் மாதம் பதினோரு செய்திகள் வந்தன. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினார்.

"வராத நாள் எங்கே?" என்று கேட்டார் தேஜஸ்ரீ.

"வரலைன்னா என்னங்க எழுதறது?"

"வரலைன்னு எழுதணும். அமாவாசைக்கு அதிகமா வருதுன்னா, எதைவிட அதிகம்? ஒப்பிட்டுப் பாக்க மத்த நாளும் வேணும் இல்லைங்களா?"

மயிலாத்தாளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஊருக்குப் படவில்லை. முப்பத்தொரு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த தோட்டத்து தனபால் கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"சிங்கங்கூடத்தான் வரல. அதையும் எழுதட்டுங்களா?"

"எழுதுங்க மாமா. யானை வரலைங்கறதை மொதல்ல எழுதிப்போட்டு எழுதுங்க."

மறுநாள் காலை ஏழே காலுக்கு தனபாலிடமிருந்து செய்தி வந்தது: 'யானை வரல. சிங்கமும் வரல.' அதற்கு மறுநாளும் அதே. கிண்டலாகத் தொடங்கியவர்தான் குழுவில் ஒருநாள்கூடத் தவறாத ஆளாக ஆனார். வேறு ஓர் அம்மா தினமும் குரல் பதிவு அனுப்புவார். மாமியாரின் முழங்கால் வலி, மருமகளின் பிடிவாதம், மோட்டார் ரிப்பேர் எல்லாம் நாலு நிமிஷம் ஓடும். கடைசியில், "ஆங்... யானை வரலீங்" என்று முடியும். அந்தக் கடைசி வார்த்தைக்காக மயிலாத்தாள் முழுப் பதிவையும் கேட்டாக வேண்டும். அவருக்கு அந்த மருமகள்மேல் ஒரு பரிதாபமே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற அஃப்ஷீன் சொல்லிக்கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கும் வந்தாள். ஈர மண்ணில் பதிந்திருந்த யானைத் தடத்துக்குள் தன் செருப்புக் காலை வைத்துப் பார்த்து, "அக்கா, என் செருப்பு மூணு வைக்கலாம்ங்க்கா!" என்று கத்தினாள். அப்புசாமி அவளுக்கு நாலு இளநீர் வெட்டிக் கொடுத்தார். எதற்காக இவர்கள் எண்ணுகிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கை எதற்குப் போடுகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

பிப்ரவரி கடைசியில் வருஷம் முடிந்தது. முந்நூற்று அறுபத்தைந்து காலைகளில் எண்பத்து நான்கில் யானை ஏதோ ஒரு தோட்டத்துக்கு வந்துபோயிருந்தது. பன்னிரண்டு அமாவாசைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னே இரண்டு நாள், பின்னே இரண்டு நாள் சேர்த்தால் மொத்தம் அறுபது நாள். அமாவாசைக்கும் யானைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றால் அந்த அறுபது நாளில் பதினான்கு முறை வந்திருக்க வேண்டும். வந்தது பதின்மூன்று.

மயிலாத்தாள் கணினியைச் சந்தேகப்பட்டார். பிறகு அஃப்ஷீனைச் சந்தேகப்பட்டார். கடைசியில் கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தினசரி காலண்டர் தாள்களை எடுத்து, வீட்டுக் கூடம் முழுக்க வரிசையாகப் பரப்பி, யானை வந்த நாளில் ஒரு வெங்காயம் வைத்து எண்ணினார். மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்புசாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"கால் வெக்க எடமில்லயே அம்மணி?"

"சித்தே நில்லுங்க. மறுபடி எண்ணோணும்."

மறுபடியும் பதின்மூன்றுதான். அப்புசாமி சமையலறைக்குப் பின்வழியாகச் சுற்றிப் போனார்.

மூன்று நாள் மயிலாத்தாளுக்கு எதுவும் ஓடவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்த விஷயம். மகனுக்குச் சொல்லி வளர்த்தது. வங்கி மேனேஜரிடம்கூட அடித்துச் சொன்னது. நான்காம் நாள் தேஜஸ்ரீயின் அறைக்குப் போய் நின்றார்.

"மேடம், நான் தோத்துப்போட்டேனுங்க."

"எதுல?"

"அமாவாசையில."

தேஜஸ்ரீ தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மயிலாத்தாள்! சூப்பர்! அமாவாசை ஒத்துவந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது!"

"எனக்கு வயிறு எரியுது, இவங்களுக்குச் சந்தோசமாம்" என்று அஃப்ஷீனிடம் வந்து சொன்னார் மயிலாத்தாள். ஆனால் சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய தப்பை இவ்வளவு சுத்தமாக நிரூபித்தவர் அந்த வகுப்பில் வேறு யாரும் இல்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கம் மட்டும் எழுத வரவில்லை. அமாவாசைக்கு யானை அதிகமாக வருவதில்லை, சரி. அப்படியானால் ஊரே ஏன் அப்படி நினைக்கிறது? அதற்குப் பதில் எழுத வேண்டும். பல தடவை எழுதி எழுதிக் கிழித்தார்.

கல்லூரியில் ஆய்வை வாசிப்பதற்கு முன்னால், எண்ணிக் கொடுத்தவர்களிடம் முதலில் சொல்வதுதான் முறை என்று அவருக்குத் தோன்றியது. ஒரு காலை, பால் ஊற்றி முடிந்ததும் சொசைட்டிக் கட்டடத்தில் இருபத்திரண்டு பேர் கூடினார்கள். அப்புசாமி கடைசி பெஞ்சில், கேனைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மயிலாத்தாள் எண்களைச் சொல்லி முடித்தார்.

"அப்ப அமாவாசைக்கு வராதுங்கறீங்களா?" என்றார் தனபால்.

"வருமுங்க மாமா. மத்த நாளைக்கு வர்ற அளவுக்குத்தான் வரும்."

"அதெப்படி? நான் எத்தன அமாவாசைக்குப் பாத்திருக்கறேன்!" என்று ஒருவர் எழுந்தார். "படிக்கப் போனா இப்படித்தான் பேசுவாங்க" என்று இன்னொருவர். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஏறியது. ஒரு வருஷத்துக் கணக்குதான், முப்பத்தொரு தோட்டத்துக் கணக்குதான் என்று மயிலாத்தாள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து அப்புசாமி பேசினார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"அமாவாசைன்னா நாம அத்தன பேரும் டார்ச்சும் பட்டாசுமா வரப்புலயே நிக்கறம். வந்தாப் பாக்கறம், ஒரு வாரத்துக்கு அதையே பேசறம். மத்த நாளு தூங்கிப்போட்டு, காலையில ரெண்டு வாழை சாஞ்சு கெடந்தா, அட வந்துட்டுப் போயிருக்குதுன்னு தண்ணி கட்டப் போயர்றம். அது யாரு மனசுல நிக்குது?"

சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்பது போல் கேனின் மூடியைத் திருகினார்.

மயிலாத்தாள் கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நாளாக எழுத வராத பக்கம் அதுதான். அன்று மத்தியானமே எழுதி முடித்தார். அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தார்: 'இக்கருத்தைக் கூறியவர் என் கணவர் அப்புசாமி, விவசாயி.' தேஜஸ்ரீ அந்த வரியை மட்டும் திருத்தவே இல்லை.

ஊர் முழுக்க மனம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தனபால் காவல் முறைக்கு ஒரு பட்டியல் போட்டார். அமாவாசைக்கு எல்லாரும் ஒன்றாகக் காவல் நிற்பதை விட்டு, மாதம் முழுக்க ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் சேதம் குறைந்ததா என்று கேட்டால், இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்பது மயிலாத்தாளின் பதில். அப்புசாமி மட்டும் பட்டியலில் பெயர் இருக்கிறதோ இல்லையோ அமாவாசைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். "நீங்கதானுங்களே அன்னைக்கு அப்படிப் பேசினீங்க?" என்று கேட்டால், "கணக்கு கணக்கா இருக்கட்டும். ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாரேன்" என்கிறார்.

ஏப்ரலில், பட்டத்துக்கான மேஜர் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்தது. அருள்குமார் ஓசூரிலிருந்து போன் செய்து, "தமிழ் எடுங்கம்மா, ஈஸியாப் பாஸ் பண்ணிரலாம்" என்றான். மயிலாத்தாள் புள்ளியியல் என்று எழுதினார். உளவியல் என்று எழுதிக்கொண்டிருந்த அஃப்ஷீன் எட்டிப் பார்த்து, "கால்குலஸ் எல்லாம் வரும்ங்க்கா, யோசிச்சுக்கங்க" என்றாள்.

"வரட்டும் கண்ணு. மத்ததையெல்லாம் படிச்சா எனக்குத் தூக்கம் நல்லா வருது. இதுலதான் வரமாட்டேங்குது."

கால்குலஸ் வந்தது. மூன்றாம் ஆண்டின் முதல் உள்தேர்வில் ஐம்பதுக்குப் பத்தொன்பது. விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாலு நாளைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தப்புப் போன கணக்குகளைத் திரும்பப் போட்டார். இரண்டாம் தேர்வில் இருபத்தெட்டு. மேஜருக்கு வெளியே ஒரு பாடம் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பதால் இந்தப் பருவம் நாடகமும் எடுத்திருக்கிறார். ஒத்திகையில் பிள்ளைகள் எல்லாரும் முணுமுணுப்பாக வசனம் பேச, ஆசிரியர் சலித்துப்போய், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி யாராவது பேச முடியுமா என்று கேட்டார்.

"எத்தன தூரத்துக்குங்க?" என்றார் மயிலாத்தாள். "கடைசி வயக்காட்டுல மடை மாத்தறவருக்குக் கேக்கற மாதிரி சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

சொன்னார். மேல்மாடியில் இரண்டு வகுப்புகள் நின்றன. யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த நிமிஷமே ராஜா வேஷம் அவருக்கென்று முடிவாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அரங்கேற்றம். வசனம் முழுக்க மனப்பாடம், நடையும் வந்துவிட்டது. ஒட்டு மீசைதான் மூக்கடியில் அரித்துக்கொண்டே இருக்கிறது என்கிறார்.